கொங்கு மாவட்டங்களில் நலத்திட்டமும் நீதியும் எளியவரைக் கைவிடும் இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, நாமக்கல், திருப்பூர், கோவை, கரூர், சேலம், தருமபுரி மாவட்டங்களில் மனுவும் கையுமாக அரசு அலுவலகங்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் நடப்பவர்களும், அவர்களுக்குத் துணையாகச் செல்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தனி வழக்குகளுக்கு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுவதே முறை. எந்த இடத்தில் வழி அடைபடுகிறது, அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டுமே இப்பக்கம் சொல்கிறது.

இத்தனை சட்டங்களும் திட்டங்களும் இருந்தும் ஏன் வந்து சேர்வதில்லை?

நிதிப் பற்றாக்குறையும் லஞ்சமும் காரணங்கள்தாம். ஆனால் மனுக்களை வரிசையாகப் படித்து வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது வேறொன்று. ஏறத்தாழ ஒவ்வொரு உரிமையும் ஒரு சான்றிலிருந்துதான் தொடங்குகிறது. கொத்தடிமையாக இருந்தவருக்கு விடுதலைச் சான்று வேண்டும். பழங்குடியினருக்குச் சாதிச் சான்று வேண்டும். அடிபட்டவருக்கு முதல் தகவல் அறிக்கை வேண்டும். கைவிடப்பட்ட மூதாட்டிக்கு ஆதரவற்றவர் என்ற விசாரணைக் குறிப்பு வேண்டும். அந்தத் தாளைத் தர வேண்டிய அலுவலரே, பெரும்பாலும், அந்தக் குறை நேராமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவராகவும் இருக்கிறார். தம் எல்லைக்குள் கொத்தடிமைகள் இருந்தார்கள் என்று கையெழுத்திடும் அதிகாரி, தம் நிர்வாகத்தின் மீதே குறை எழுதிக்கொள்கிறார். எனவே கையெழுத்து தள்ளிப்போகிறது. இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை; எதுவும் எழுதாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு என்பது போதும். நிரூபிக்கும் சுமை முழுவதும், படிப்பும் பணமும் நேரமும் இல்லாதவரின் தலையில் இறங்கிவிடுகிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒன்றின் வெவ்வேறு முகங்களே.

முதியோர் உதவித்தொகை மனு "மகன் ஆதரவில் உள்ளார்" என்று தள்ளுபடியாகிறது. என்ன செய்யலாம்?

தமிழக நலத்திட்டங்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக இருக்கிறது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வருபவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை வெறும் 200 ரூபாய். 80 வயதுக்குப் பின் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அசையவில்லை என்பதை இங்கே சொல்லாமல் கடந்து போக முடியவில்லை.

மனு இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் ஆணைக்குச் செல்கிறது. விசாரணை என்பது பல இடங்களில் குடும்ப அட்டையைப் பார்த்து எழுதும் ஒரு வரிதான். மகன் பெயர் அட்டையில் இருக்கிறது. ஆனால் அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையோடு அங்கேயே குடும்பமாகி, பொங்கலுக்குக்கூட வருவதில்லை என்பது அட்டையில் இருக்காது. தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிறகு, மகன் வேறு முகவரியில் வசிப்பதற்கான ஆதாரத்தையும், மூதாட்டி தனியாக இருப்பதை அறிந்த அக்கம்பக்கத்தார் இருவரின் கையொப்பமிட்ட வாக்குமூலத்தையும் இணைத்து, கோட்டாட்சியருக்கு மேல்முறையீடாகவே எழுத வேண்டும். மறுபடியும் புதிய மனுவாகப் போட்டால், அது அதே கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்குத்தான் வந்து சேரும்.

தொகை கிடைத்தபின் வரும் தொல்லை விரல் ரேகை. மஞ்சள் வேக வைத்தும் தறியில் இழை முடிந்தும் கல் உடைத்தும் தேய்ந்த விரலைக் கருவி ஏற்பதில்லை. கண் கருவிழிப் பதிவு வழியாகவோ வங்கிக் கிளையில் நேரடியாகவோ பணம் பெற வழியுண்டு. ரேகை விழவில்லை என்பதற்காக உதவித்தொகையையோ நியாயவிலைக் கடைப் பொருளையோ மறுக்க எந்த விதியும் இல்லை.

மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டால்?

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கர், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட் என வரம்புகள் உள்ளன. வாடகை வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் ஒரே மின் இணைப்பில் பல குடும்பங்கள் இருப்பதால், மற்றவரின் மின்நுகர்வு இவர் கணக்கில் ஏறியிருக்கக்கூடும். மறுக்கப்பட்டவர் முதலில் அதைப் பார்க்க வேண்டும். மறுப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாள்களுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

தோட்டத்தை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டோம். இப்போது சோறு போட மறுக்கிறார். பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?

கொங்குப் பகுதியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பாகம் பிரிப்பதற்கு முன்பே, மகன் கடன் வாங்க வேண்டும் என்றோ, பெண்மக்கள் பங்கு கேட்டு வந்துவிடுவார்கள் என்ற பயத்திலோ, பெற்றோர் தம் பெயரில் இருப்பதை முழுவதும் எழுதிவிடுகிறார்கள். பிறகு தோட்டத்துச் சாளையின் ஒரு மூலையில், தாங்களே வெட்டிய கிணற்றுத் தண்ணீருக்கு மருமகளிடம் அனுமதி கேட்டு வாழ்கிறார்கள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, அவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெறப்பட்டதாகக் கருதப்படும். தீர்ப்பாயம் அதைச் செல்லாது என அறிவிக்கலாம். தீர்ப்பாயம் என்பது கோட்டாட்சியர்தான். பராமரிப்புத் தொகை கோரும் மனுவில் அவர் 90 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதும், மாதம் 10,000 ரூபாய் வரை ஆணையிடலாம் என்பதும் சட்டத்திலேயே உள்ளன.

அடைபடும் இடம், "நிபந்தனையோடு" என்ற அந்த ஒரு சொல். ஊரில் எழுதப்படும் பத்திரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு: "உன் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும், யாருடைய தூண்டுதலும் இன்றி." பராமரிப்பைப் பற்றி ஒரு வரியும் இராது. நிபந்தனை இருந்ததாக மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியதைப் பிடித்துக்கொண்டு கோட்டாட்சியர்கள் மனுக்களைத் தள்ளிவந்தனர். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது மூத்தோருக்கு நன்மை செய்ய வந்த சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், சொத்தின் சுவாதீனத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அன்பும் பாசமும் என்று எழுதியிருப்பதிலேயே பராமரிப்பு என்னும் நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025-இல் கூறியுள்ளது. மனுவில் இந்தத் தீர்ப்புகளைக் குறிப்பிடுவதோடு, பத்திரம் எழுதிய நாளில் பெற்றோருக்கு வேறு வருமானம் இருந்ததா, மகன் எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டார், எப்போது நிறுத்தினார் என்பதையும் தேதி வாரியாக எழுதுவது நல்லது.

இனிமேல் எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: பராமரிப்பு நிபந்தனையையும் ஆயுள்கால அனுபவ உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதைக் கேட்டு மகன் முகம் சுளித்தால், பத்திரத்தை எழுதாமல் இருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

தறிக்கூடத்திலோ செங்கல் சூளையிலோ முன்பணம் வாங்கியவர் கொத்தடிமையா? அவரே விரும்பித்தானே வாங்கினார் என்கிறார்களே?

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடுவதில்லை. முன்பணத்துக்கு ஈடாக, வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தையோ, விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையோ, குறைந்தபட்சக் கூலியையோ இழந்தால் அது கொத்தடிமைதான். வாங்கிய கடன் கொத்தடிமைக் கடன் அன்று என நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கே உரியது என்று 15-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நடைமுறையில் இது தலைகீழாக நிற்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதியின் விசைத்தறிக் கூடங்களிலும், நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளிலும், வெல்லம் காய்ச்சும் ஆலைகளிலும் விசாரணைக்குச் செல்லும் குழு, முதலாளி நின்றுகொண்டிருக்கும்போதே, "உன்னை இங்கே அடைத்து வைத்திருக்கிறார்களா?" என்று தொழிலாளியைக் கேட்கும். கதவு திறந்துதான் இருக்கிறது. அவர் சந்தைக்குப் போய்த்தான் வருகிறார். மனைவியும் பிள்ளைகளும் கூடத்திலேயே இருக்கும்போது அவர் தனியாகச் சந்தைக்குப் போவதில் என்ன சுதந்திரம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "இல்லைங்க" என்கிறார். அந்த ஒரு சொல்லோடு அறிக்கை முடிகிறது.

விடுதலைச் சான்று கிடைத்தால் கடன் ரத்தாகிறது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. அதன்பின் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாய் என மறுவாழ்வுத் தொகை வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் முழுத் தொகை முதலாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, தொழிலாளி பிழைப்பைத் தேடி வேறு மாவட்டம் போய், சாட்சி சொல்ல வராமல், முதலாளி விடுதலையாகும்போது, மறுவாழ்வுத் தொகையும் போய்விடுகிறது. விடுவிக்கப்பட்டவரே மறுபடியும் முன்பணம் வாங்குவதைப் பார்த்து "இவர்களுக்கு எத்தனை செய்தாலும் இப்படித்தான்" என்று சொல்வோர், இந்த இடைவெளியில் அவர் எதைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் ஒரே நாளில் பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். தொழிலாளியின் வாக்குமூலம் முதலாளி இல்லாத இடத்தில், குடும்பத்தினர் அனைவரும் பாதுகாப்பாக வெளியே வந்தபின் பதிவு செய்யப்பட வேண்டும் என்று மனுவிலேயே கோர வேண்டும்.

கடனுக்காகச் சிறுநீரகம் கொடுத்தவர் புகார் செய்தால் அவர் மீதே வழக்கு வருமா?

வரக்கூடும். உடல் உறுப்புக்குப் பணம் கொடுப்பதும் பெறுவதும் குற்றம் என்கிறது 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம். தண்டனை 5 முதல் 10 ஆண்டு வரை. தரகரையும் மருத்துவமனையையும் பிடிக்க எழுதப்பட்ட சட்டம், வட்டி கட்ட முடியாமல் உறுப்பை விற்ற தறித்தொழிலாளியின் வாயை முதலில் அடைக்கிறது. 2025-இல் பள்ளிபாளையம் பகுதித் தொழிலாளர்களிடமிருந்து சிறுநீரகம் பெறப்பட்டதாகப் புகார் வெடித்தபின், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே காவல் நிலையத்துக்குத் தனியாகச் செல்லாமல், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரோடு, மிரட்டலையும் கடனையும் முன்னிறுத்திப் புகார் தருவதே பாதுகாப்பானது.

பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளி மக்களுக்கு ஏன் பழங்குடிச் சான்று கிடைப்பதில்லை?

பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் இனம், தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழ்பவர்கள் என்று ஊர் எல்லையோடு எழுதப்பட்டிருக்கிறது. அதில் கோயம்புத்தூர் இல்லை. பர்கூரும் கடம்பூரும் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன. 1979-இல் பெரியார் மாவட்டம் என்று பிரிந்து, இன்று ஈரோடு மாவட்டமாக உள்ளது. கொல்லிமலையோ சேலத்திலிருந்து 1997-இல் பிரிந்த நாமக்கல்லில் இருப்பதால், அங்குள்ளவர்களுக்குச் சான்று உண்டு.

ஆகவே மேட்டூர் பக்கத்து மலையிலிருந்து பர்கூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் பழங்குடி. அவள் பெற்ற பிள்ளை, தகப்பன் வழியில், பழங்குடி இல்லை. அண்ணன் பிள்ளைக்கு உதவித்தொகையும் விடுதியும் உண்டு. தங்கை பிள்ளைக்கு இல்லை. இனத்தைப் பற்றியோ வழக்காறுகளைப் பற்றியோ இதில் எவருக்கும் ஐயமில்லை. ஐயம் முழுவதும் வரைபடக் கோட்டைப் பற்றியதுதான். இதை மாற்ற நாடாளுமன்றச் சட்டம் வேண்டும் என்பதால், வட்டாட்சியரிடம் மனு மேல் மனு கொடுப்பதில் பயனில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் நேரத்தில் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். அந்த அலுவலரால் முடியாது என்பதை அவர்களிடம் நேராகச் சொல்வதும் அரிது.

வன உரிமைச் சட்டம் வேறு வழி. 2006-ஆம் ஆண்டின் அச்சட்டத்தில், பழங்குடிப் பட்டியலில் இல்லாத, ஆனால் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக வனத்தைச் சார்ந்து வாழ்பவர்களும் உரிமை கோரலாம். தமிழகத்தில் உயர் நீதிமன்ற இடைக்கால ஆணை ஒன்றினால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. இடையில் 2013-இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. 75 ஆண்டுக்கு எழுத்து ஆதாரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கல்லறைகள், கோயில் இடங்கள் ஆகியனவும் ஆதாரம் என்று விதிகளே ஏற்கின்றன.

காவல் நிலையத்தில் ஒரு ரசீது கொடுத்தார்கள். வழக்குப் பதிவாகிவிட்டதா?

அந்தத் தாளின் தலைப்பைப் பாருங்கள். சி.எஸ்.ஆர். என்று இருந்தால் அது மனு பெற்றதற்கான ரசீது மட்டுமே, வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். என்பதுதான் முதல் தகவல் அறிக்கை. அதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கும். பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

சி.எஸ்.ஆர். போட்டபின் இரு தரப்பையும் நிலையத்துக்கு அழைத்து உட்கார வைப்பது வழக்கம். அந்த மேசையில் ஒரு பக்கம் ஊர்க்கவுண்டரும் ஒன்றியப் பொறுப்பாளரும் நாற்காலியில் இருப்பார்கள். மறுபக்கம் கூலிவேலைக்காரர் நின்றுகொண்டிருப்பார். "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதி வாங்குவதோடு அந்த மனு முடிகிறது. கையெழுத்திட மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, எந்த நிலையத்திலும் புகார் தரலாம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம். அஞ்சல் ரசீதைத் தொலைக்காமல் வைத்திருங்கள். நடுவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் தந்தோம். எங்கள் மீதும் வழக்குப் போட்டிருக்கிறார்களே?

எதிர்வழக்கு என்பது இப்பகுதியில் ஏறக்குறைய ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அருந்ததியர் காலனியைச் சேர்ந்தவர் புகார் தந்த அன்றே, அவர் கல்லெறிந்தார், கைப்பையைப் பறித்தார் என்று மறுபுகார் பதிவாகும். பிறகு "இரண்டையும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்" என்று பேச்சு வரும். வன்கொடுமை வழக்கை இப்படிக் காவல் நிலையத்தில் பேசி முடிக்க இடமில்லை. முதற்கட்ட விசாரணை தேவை என்று சொல்லி வழக்குப் பதிவதைத் தள்ளிப்போட முடியாது என்று 18ஏ பிரிவு கூறுகிறது. துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ளவரே புலன் விசாரணை செய்து 60 நாள்களில் முடிக்க வேண்டும். கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின்கீழ் ஓர் அலுவலர் தண்டிக்கப்பட்ட செய்தியை நாளிதழில் தேடிப் பாருங்கள். அது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

தீருதவித் தொகை தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை என்பதையும் பலர் அறிவதில்லை. கொலையில் அத்தொகையில் பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பிறகும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் சென்றதும் தரப்பட வேண்டும். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த இளைஞரின் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்தபோதும், கோயில் கேமராப் பதிவும், வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றக் கேட்டுப் போராடிய தாயின் பிடிவாதமும் சேர்ந்து 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை வாங்கித் தந்தன. சாட்சி பிறழும் என்பதை முன்கூட்டியே எண்ணி, தொடக்கத்திலேயே கேமராப் பதிவுகளைக் கைப்பற்றும்படி எழுத்தில் கோருங்கள்; பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும்.

அரசு ஊழியர்களே குற்றம் செய்திருந்தால் நீதி கிடைக்குமா?

கிடைத்திருக்கிறது; எவ்வளவு காலத்தில் என்பதுதான் கேள்வி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, தருமபுரி மாவட்டம் அரூர் அருகே வாச்சாத்தி என்னும் பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். புகாரை எந்த அலுவலகமும் நம்பவில்லை. மக்களும் அவர்களோடு நின்ற அமைப்புகளும் நீதிமன்றம் சென்றபின் 1995-இல் விசாரணை சி.பி.ஐ.க்கு மாறியது. 269 பேர் மீது வழக்கு; தீர்ப்பு வந்த 2011 செப்டம்பர் 29-க்குள் 54 பேர் இறந்துவிட்டனர்; மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பது ஆணை. 31 ஆண்டுகள்.

வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது அதிரடிப்படையினரால் வதைக்கப்பட்டதாகச் சொன்ன ஈரோடு, சேலம் மலையோர மக்களின் நிலை இதைவிடக் கடினம். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு 2003-இல் அறிக்கை தந்தது. 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் நிவாரணம் பரிந்துரைக்கப்பட்டது. குழுவின் முன் வந்து சொல்லத் துணியாதவர்கள் அந்த 89-இல் இல்லை.

வாச்சாத்தியில் நீதி கிடைத்ததற்கு மக்கள் ஒற்றுமையாக நின்றதும் அமைப்புகளின் உறுதியும் காரணம் என்று பலரும் எழுதியுள்ளனர். உண்மைதான். ஆனால் விசாரணை உள்ளூர் அலுவலகங்களின் கையிலிருந்து முற்றிலும் எடுக்கப்பட்ட பிறகே அது நகரத் தொடங்கியது என்பதையும் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் முதல் கோரிக்கையே விசாரணை அமைப்பை மாற்றுவதாக இருப்பது நல்லது.

பெண்கள் புகார் தந்தால் பெயர் வெளியே வருமா?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஆயினும் 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் காவல்துறை அதிகாரியின் செய்தியாளர் சந்திப்பிலும், வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் புகார் தந்த பெண்ணின் பெயர் வெளியானது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பாதிக்கப்பட்டதாக அறியப்பட்ட பிற பெண்கள் முன்வரத் தயங்கியதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. சாட்சிகள் ஒருவரும் பிறழவில்லை என்பது அவ்வழக்கின் சிறப்பு. நீதிமன்ற விசாரணையின்போது அவர்களின் அடையாளம் காக்கப்பட்டது அதற்குப் பெரிய துணை.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இவை பொருந்துமா?

குற்றவியல் சட்டங்களும் கொத்தடிமைச் சட்டமும் அப்படியே பொருந்தும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில், 2020 அக்டோபர் முதல், அவர்கள் தங்கள் மாநில அட்டையைக் கொண்டு இங்கேயே தானியம் வாங்கலாம். திருப்பூரிலும் பெருந்துறையிலும் அவர்கள் நீதியை இழப்பது பெரும்பாலும் மொழியாலும் தொலைவாலும்தான்: இந்தியிலோ ஒடியாவிலோ சொன்னதைக் கங்காணி தமிழில் மாற்றிச் சொல்ல, அதுவே வாக்குமூலமாகிறது. கங்காணி அல்லாத மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்கீழ் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. நியமிக்கப்படும் வழக்கறிஞர்கள் எல்லாரும் ஒரே அக்கறையோடு இருப்பதில்லை. குறைந்த கட்டணத்தில் நிறைய வழக்குகள் அவர்களுக்கு. வாய்தாவுக்கு வரவில்லை என்றால் அவரை மாற்றித் தரச் செயலாளரிடம் எழுதிக் கேட்கலாம்; அப்படிக் கேட்பதால் உதவி நின்றுவிடாது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் பலன் உண்டா?

சில நேரம் உண்டு. மூன்று சக்கர வண்டி, தையல் இயந்திரம், தெருவிளக்கு போன்றவை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஓர் அலுவலரின் செயலைப் பற்றிய குறை என்றால், மனுவின் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்சியர் கையெழுத்திட்டு "உரிய நடவடிக்கைக்கு" என்று அனுப்புவார். அது கோட்டாட்சியருக்கும், அங்கிருந்து வட்டாட்சியருக்கும், வருவாய் ஆய்வாளருக்கும் இறங்கி, கடைசியில் நீங்கள் யாரைப் பற்றிப் புகார் எழுதினீர்களோ அந்தக் கிராம நிர்வாக அலுவலரிடமே அறிக்கை கேட்டு நிற்கும். அவர் தரும் இரண்டு வரி, அதே படிகளில் மேலேறி, ஆட்சியரின் பதிலாக உங்கள் கைபேசிக்கு வரும்: மனு நிராகரிக்கப்பட்டது, அல்லது மனு முடிக்கப்பட்டது.

2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்துப் பலன் காணாத ஒரு குடும்பம், பெண்குழந்தைகள் இருவரோடு தீக்குளித்து மாண்டது. அதன்பின் எல்லா மாவட்டங்களிலும், கொங்கு மாவட்டங்கள் உட்பட, நுழைவாயிலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று மனுதாரர்களின் பைகளைச் சோதிக்கும் வழக்கம் வந்தது. மனு இறங்கும் பாதை மாறவில்லை.

அப்படியானால் மனுவை எப்படி எழுதுவது?

ஒரு மனுவில் ஒரே குறையை மட்டும் எழுதுங்கள். பூர்வ கதை அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன ஆணை வேண்டும், எந்தச் சட்டப் பிரிவின்படி, எந்த அலுவலர் அதைப் பிறப்பிக்க வேண்டும் என்பதைக் கடைசிப் பத்தியில் தனியாக எழுதுங்கள். புகாருக்குள்ளான அலுவலரிடம் அறிக்கை கேட்காமல் அவருக்கு மேலுள்ளவர் நேரில் விசாரிக்க வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மை சில மாதங்களில் மங்கிவிடும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, அம்மனு எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது, விசாரணை அறிக்கையின் நகல், அதை எழுதியவரின் பதவி ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். பதில் 30 நாள்களில் வர வேண்டும். வரும் அறிக்கையில், விசாரணைக்கு வந்ததாகச் சொல்லப்படும் நாளில் உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்றால், மேல்முறையீட்டை அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குங்கள்.